கிட்டார்க்காரன் செருப்பு

கிருபைநல்லூரில் ஒரு வீட்டுக்குள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள யாரும் கதவைத் தட்டுவதில்லை, வாசற்படியைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். வாத்தியார் வீட்டுப் படியில் வார் அறுந்து ஊக்குக் குத்திய செருப்பு கிடந்தால் பால்காரர் உள்ளே உட்கார்ந்து காப்பி குடிக்கிறார் என்று அர்த்தம், போதகர் வீட்டுப் படியில் குதிகால் தேய்ந்த செருப்பு கிடந்தால் ஏதோ ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டை ஜெபத்துக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம், ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஊர்ச் செருப்பு மொத்தமும் குவிந்து கிடந்தாலும் ஆராதனை முடிந்து ஒரு ஆள்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு போனதாகச் சரித்திரமே கிடையாது. அடுத்தவன் செருப்பை அவன் பெண்டாட்டியைவிட நன்றாக அடையாளம் சொல்லுகிற ஊர் அது. அப்பேர்ப்பட்ட ஊரில்தான் எமிமாள் வீட்டுப் படியில், ஊரில் ஒருத்தருக்குமே சொந்தமில்லாத ஒரு ஜோடி பூட்ஸ் வந்து உட்கார்ந்தது, அதுவும் அவள் புருஷன் மஸ்கட்டில் இருக்கும்போது.

பூட்ஸ் வந்த கதையைச் சொல்லவேண்டுமென்றால் முதலில் கிட்டார் கதையைச் சொல்லவேண்டும். எமிமாள் கோயிலில் கீபோர்டு வாசிக்கிறவள். புருஷன் ரத்தினசிங் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறவர், போன விடுமுறைக்கு வந்தபோது அவளுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார், அதை உள்ளறையில் வைத்துக்கொண்டு கோயில் பாட்டுகளுக்கு அவள்தான் இசை கோர்த்துப் பதிவு செய்து கொடுப்பாள். வருஷா வருஷம் கோயில் கட்டின நாளைக் கொண்டாடுகிற பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஒரு புதுப்பாட்டு வேண்டும். போன வருஷம் பக்கத்துச் சபையான சாலோம்புரத்தில் பண்டிகைப் பாட்டுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் போட்டுவிட்டார்கள், அவர்கள் வைத்த அசன விருந்துச் சோற்றை வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்த கிருபைநல்லூர்க்காரர்களுக்கு அந்தக் கிட்டார் மட்டும் இன்றுவரை செரிக்கவில்லை.

பாடகர் குழுவுக்குத் தலைவர் தவமணி சார். சர்க்கார் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், குரல் போய்விட்டாலும் அதிகாரம் போகவில்லை. அவர் எமிமாள் வீட்டுக்கு வந்து நின்றார்.

"எலெக்ட்ரிக் கிட்டார் வேணும்மா. வெளிய இருந்து ஒரு பயலக் கூட்டிட்டு வந்தா உன் வீட்டுக்குள்ள அன்னிய ஆள்னு நாலு பேரு நாலு விதமா பேசுவாவ. கம்ப்யூட்டர்லயே கிட்டார் இருக்குல்லா?"

"இருக்கு சார்."

இருந்தது. எங்கோ ஒரு தேசத்தில் எவனோ ஒருத்தன் தன் கிட்டாரின் ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு இடத்திலும் அழுத்தி, மெதுவாய் ஒருதரம், நடுத்தரமாய் ஒருதரம், ஓங்கி ஒருதரம் என்று மீட்டி மீட்டிப் பதிந்து கொடுத்திருந்த ஒலிகள் அத்தனையும் அவள் கம்ப்யூட்டரில் இருந்தன, கீபோர்டில் கட்டையை அமுக்கினால் அந்தந்தச் சுரம் எழும்பும். அவள் நாலு சுரம் வாசித்துக் காட்டினாள். தவமணி சார் முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, தகர டப்பாவுல எறும்பு ஓடுத மாதிரி?"

"இது வெறும் தந்திச் சத்தம் சார். எலெக்ட்ரிக் கிட்டாருக்கு உடம்பே சத்தத்தப் பெருக்குத ஆம்ப் பெட்டிதான். இப்ப அந்தப் பெட்டியும் சாஃப்ட்வேரா வருது. நெறய இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு குரல். டிரையல் போட்டுப் பாத்து, நம்ம பாட்டுக்கு எது ஒத்து வருதோ அத எடுப்போம்."

"எடு, எடு. சாலோம்புரத்துக்காரன் வாயப் பொளக்கணும், சொல்லிட்டேன்."

மறுநாள் காலையில் எமிமாள் முதல் ஆம்பைப் போட்டாள். எறும்பு போய் இடி வந்தது, ஜன்னல் கம்பி அதிர்ந்தது, அதே நேரத்தில் வாசற்படியில் கறுப்பு பூட்ஸ் ஒரு ஜோடி, கணுக்கால் உயரத்துக்கு, சேறு அப்பி, லேஸ் அவிழ்ந்து, இப்போதுதான் கழற்றிப் போட்ட மாதிரி ஒன்று நேராகவும் ஒன்று சரிந்தும் கிடந்தது. மீன் வாங்கப் போன மாமியார் ஞானப்பூ திரும்பி வந்தது அந்த நேரம் பார்த்துத்தான்.

"யாருட்டி உள்ள?"

"யாரும் இல்ல மாமி."

"அப்ப வாசல்ல கெடக்குறது என்ன, எங்கப்பன் பூட்ஸா?"

ஞானப்பூ மீன் பையைக்கூடக் கீழே வைக்காமல் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், கதவுக்குப் பின்னால் பார்த்தாள், குளியலறையில் பார்த்தாள், ஒரு ஆள் நுழையவே முடியாத அரிசிப் பானையைக்கூடத் திறந்து பார்த்தாள், பீரோவைத் திறந்து தொங்குகிற சேலைகளை ஒவ்வொன்றாய் விலக்கிப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க நின்றாள். அதற்குள் எமிமாள் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தாள். படி வெறுமையாகக் கிடந்தது, சேறுகூட இல்லை.

"பின்வாசல் வழியா ஓடிட்டானா?"

"பின்வாசல் பூட்டிக் கெடக்கு மாமி. சாவி உங்க இடுப்புலதான் இருக்கு."

ஞானப்பூ இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். சாவி இருந்தது. இருந்தும் அன்று மத்தியானம் மீன் குழம்பு வைக்கும்போது மூன்று தடவை போய் அரிசிப் பானையைத் திறந்து பார்த்தாள்.

அடுத்த ஆம்ப் கண்ணாடி மாதிரி சுத்தமான குரல், அதற்குப் படியில் வந்தது பாலிஷ் போட்ட ஷூ, உள்ளே சாக்ஸ் சுருட்டி வைத்திருந்தது. அதற்கடுத்த ஆம்பை எமிமாள் போட்டபோது கிட்டார் கத்தவும் இல்லை, மினுக்கவும் இல்லை. தொண்டையில் கொஞ்சம் கரகரப்போடு, அழுது முடித்த ஆள் பேசத் தொடங்குவது மாதிரி ஒரு சுரம் எழும்பியது, கட்டையில் இருந்து கையை எடுத்த பிறகும் அது போக மனசில்லாமல் அறைக்குள்ளேயே நின்றது. எமிமாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இதுதான், இதுதான் என்று சொல்லிக்கொண்டாள். வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். தோல் செருப்பு. கட்டைவிரல் வளையம் தேய்ந்து, இடது வார் அறுந்து நூலால் தைத்தது.

செருப்பு வருவதில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆம்ப் உடம்பு என்றால் உடம்பு வரும், உடம்பு வந்தால் வீட்டுக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்றத்தானே செய்யும், மரியாதை தெரிந்த உடம்பு. அவளுக்கு வந்தது பயம். குனிந்து அந்தத் தோல் செருப்பைத் தொட்டுப் பார்த்தபோது உள்ளங்கால் பட்ட இடம் சூடாக இருந்தது. அன்றிலிருந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் முதுகு குறுகுறுத்தது, யாரோ பக்கத்தில் நின்று திரையைப் பார்ப்பது போலவே இருந்தது, நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். தன் வீட்டு மூலையையே தான் சந்தேகப்படுகிற நிலைமை வந்துவிட்டதே என்று அவளுக்கு ஆத்திரமாகவும் இருந்தது.

வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்தால் விடுமா? எதிர்வீட்டு லில்லிபுஷ்பம் தன் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கீரை ஆய்வதும் அங்கேதான், பேன் பார்ப்பதும் அங்கேதான், பைபிள் வாசிப்பதும் அங்கேதான் என்று ஆக்கிக்கொண்டாள். காலையில் பூட்ஸ், பத்து மணிக்கு ஷூ, சாப்பாட்டு நேரத்துக்குத் தோல் செருப்பு, சாயங்காலம் ஏதோ ஒரு நைலான் செருப்பு என்று தெருவுக்கு நேர்முக வர்ணனை அவள்தான். பொம்பளைகள் தங்கள் புருஷன்மார் செருப்பையெல்லாம் எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினார்கள், சாவி கிடைக்காமல் வெறுங்காலோடு வயலுக்குப் போன ஆம்பளைகள் முள் குத்தித் திரும்பி வந்தார்கள். புதுச் செருப்பு வாங்கினவன் அதைப் போட்டுக்கொண்டு தெருவை ஒரு சுற்று சுற்றி எல்லாருக்கும் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் போகலாம் என்று ஒரு வழக்கமே வந்துவிட்டது, காட்டாமல் போனவனைப் பற்றி ராத்திரிக்குள் ஒரு கதை கிளம்பிவிடும். கல்யாணம் பேச வந்த மாப்பிள்ளை வீட்டாரைக்கூட முதலில் காலைத்தான் பார்த்தார்கள்.

கடைசியில் சபைக் கமிட்டி கூடிற்று. எமிமாள் வீட்டு முன்னால் தெருவிலேயே நாற்காலி போட்டு போதகரும் தவமணி சாரும் கமிட்டிக்காரர்களும் படியைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். எமிமாள் உள்ளே இருந்து ஒவ்வொரு ஆம்பாய்ப் போட்டாள், எடுத்தாள். போட்டால் செருப்பு வந்தது, எடுத்தால் போயிற்று. போதகர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, சரி, இது மனுஷக் காரியம் இல்லை, சகோதரி மேல் குற்றம் ஒன்றும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆட்டிய தலை நிற்கும் முன்னே லில்லிபுஷ்பம் எழுந்தாள்.

"அதெல்லாம் சரிதான் ஐயா. ஆனா செருப்பு வந்தா காலு வராமலா இருக்கும்?"

அதுதான் வினை. எவன் என்று தேடுகிற சந்தேகம் போய், வருகிறவன் எப்பேர்ப்பட்டவன் என்கிற சந்தேகம் வந்துவிட்டது. பூட்ஸ் போட்டவன் குடிகாரன் என்றார் ஒருத்தர். ஷூக்காரன் வட்டிக்கு விடுகிறவன் மாதிரி தெரிகிறது என்றார் இன்னொருத்தர். தோல் செருப்பைப் பார்த்ததும் எல்லாருமே வாயை மூடிக்கொண்டார்கள், தைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு ஊர் ஊராய் அலைகிறவனுக்கு எந்த ஊரில் எத்தனை வீடோ என்று ஞானப்பூதான் முணுமுணுத்தாள். கடைசியாய் வந்தது நீல வார் ரப்பர் செருப்பு, கழுவித் துடைத்து, இரண்டும் சேர்ந்து, அளவெடுத்து வைத்தாற்போல் கிடந்தது.

"இவன்தான். தங்கமான பய. பாத்தாலே தெரியுதுல்லா," என்றார் தவமணி சார்.

எமிமாள் வெளியே வந்தாள். "சார், அந்த ஆம்ப் வாயில துணிய வச்சுப் பொத்துன மாதிரி இருக்கும் சார். நீங்க பாட்டக் கேட்டீயளா?"

"கேட்டோம், கேட்டோம். எல்லாருந்தான் கேட்டோம். நல்லாத்தான் இருக்கு."

எமிமாள் உள்ளே திரும்பிப் போனாள். அவள் ஹெட்போனில்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், ஸ்பீக்கரையே போடவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது, அது கடல் தாண்டி மஸ்கட்டுக்குப் போயிற்று. ரத்தினசிங் வீடியோ காலில் வந்தால் முன்னெல்லாம் சாப்பிட்டியா, மெலிஞ்சிட்டியே என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். இப்போது எடுத்த எடுப்பிலேயே, "கேமராவ வாசப்பக்கம் திருப்பு" என்றார்.

"அத்தான், ஒருக்கா அந்தப் பாட்டக் கேளுங்க. அப்புறம் சொல்லுங்க."

"பாட்டு கெடக்கட்டும். அங்கன, கதவுக்குப் பக்கத்துல கறுப்பா என்ன?"

"குடை."

"விரிச்சுக் காட்டு."

அவள் குடையை விரித்துக் காட்டினாள். தினமும் இதே பாடு. அவருக்காகத் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், வாசற்படிக்கு எதிரே கையை நீட்டிப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், அவர் படியைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பண்டிகைக்குக் கொஞ்ச நாள் முந்தி ஒருநாள் அவர் சொன்னார்:

"லீவு போட்டாச்சு. நானே வந்து பாக்கேன். எனக்கு ஒண்ணு சரியாப் படலேன்னாலும் நீ உங்க அம்மா வீட்டுக்குப் போயிரு. அப்புறம் கூப்பிட வர மாட்டேன்."

எமிமாள் போனை வைத்துவிட்டு அடுக்களையில் போய் அழுதாள். அழுதுகொண்டே இருக்கும்போது ஞானப்பூ வந்து எட்டிப் பார்த்தாள். "இப்ப எதுக்கு அழுத? மடியில கனம் இல்லேன்னா வழியில பயம் எதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். தப்பே செய்யாதவளுக்கு அழக்கூட உரிமை இல்லை என்று அன்றைக்குத்தான் எமிமாளுக்குத் தெரிந்தது.

ரத்தினசிங் வந்து இறங்கினார். பெட்டியை இறக்கி, பழுப்பு நிறச் செருப்பைப் படியில் கழற்றி, தண்ணீர்கூடக் குடிக்காமல், "போடு" என்றார். தெரு மொத்தமும் வந்து நின்றது. லில்லிபுஷ்பம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள், தவமணி சார் ஓரமாய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எமிமாள் இந்தத் தடவை ஸ்பீக்கரைப் போட்டாள். மூன்றாவது ஆம்பைப் போட்டு, அந்தச் சுரத்தைத் தொட்டாள். அறை நிறைந்தது. படியில் புருஷன் செருப்புக்குப் பக்கத்தில் தைத்த தோல் செருப்பு வந்து கிடந்தது.

ரத்தினசிங் பாய்ந்து போய் அதை எடுத்தார். "சூடா இருக்கு!" என்று கத்தினார். தெரு "ஏசுவே" என்றது.

"சூடாத்தான் இருக்கும் அத்தான். எனக்கும் முதல்ல பயமாத்தான் இருந்துச்சு," என்றாள் எமிமாள்.

"ஓஹோ, தொட்டும் பாத்திருக்கியா? நீ தள்ளு. நான் அமுக்குதேன். என் கைக்கு எவன் வாரான்னு பாப்போம்."

அவள் எழுந்தாள். கிரேன் லீவரைப் பிடித்துக் காய்த்த கை கீபோர்டில் இறங்கி, இரண்டு விரலால் கண்ட கட்டையையெல்லாம் டங்கு டங்கென்று அமுக்கிற்று. வெளியே எல்லாத் தலையும் படியைப் பார்த்துக் குனிந்தது. அப்புறம் யாரோ ஒருத்தர் களுக்கென்று சிரித்தார். அடுத்து ரெண்டு பேர். அப்புறம் தெருவே சிரித்தது. ரத்தினசிங் ஓடி வந்து பார்த்தார்.

தோல் செருப்பு இல்லை. அவர் செருப்பை உரசிக்கொண்டு ஒரு ஜோடி பொம்பளைச் செருப்பு, மஞ்சள் வார், சின்னக் குதிகால், வாரில் ஒரு பக்கம் முத்து வைத்துத் தைத்தது, மறுபக்கம் முத்து உதிர்ந்திருந்தது. அடியில் ஒட்டியிருந்தது ஊர்ச் செம்மண் இல்லை, வெளுத்த மணல்.

"ஏ சிங்கு, மஸ்கட்லருந்து பார்சலா?" என்றான் ஒருத்தன்.

"ஆம்பள சிங்கம்ல! நம்ம ஊருப் பேரக் காப்பாத்திட்டான்," என்றான் இன்னொருத்தன். தவமணி சார் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். லில்லிபுஷ்பம், "நல்ல செருப்பு, வெல ஜாஸ்தியா இருக்கும்" என்றாள். இந்தச் செருப்புக்குக் கால் எங்கே என்று அவள் கேட்கவில்லை. ஞானப்பூ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "எம்பிள்ளைக்கு என்ன கொறச்சல்?" என்றாள், அவள் எழுந்து போய் அரிசிப் பானையைத் திறந்து பார்க்கவில்லை, கட்டிலுக்கடியில் குனியவில்லை. எமிமாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இத்தனை நாள் தன்னைத் தின்ற கண்கள்தான் இவை, இப்போது திருவிழா பார்க்கின்றன என்று நினைத்துக்கொண்டாள்.

ரத்தினசிங் மட்டும் சிரிக்கவில்லை. முகம் வெளுத்து உள்ளே வந்தார்.

"எமி, ஆண்டவர் அறிய எனக்கு அது யாருன்னு தெரியாது. யாரும் இல்ல. நீ என்ன நம்புதியா?"

"நம்புதேன்," என்றாள் எமிமாள்.

யோசிக்கவே இல்லை. கேள்வி முடியும் முன்னே சொல்லிவிட்டாள். ஏனென்றால் அது உண்மை. வாசலில் செருப்பு கிடப்பதற்கும் வீட்டில் ஆள் இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை என்று அந்த ஊரிலேயே நிச்சயமாய்த் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவர் தோள் தளர்ந்தது. அவள் கையைப் பிடித்தார். "மன்னிச்சிரு" என்று சொல்லப்போகிறார் என்று அவள் நினைத்தாள், அவர் உதடும் அதற்குத்தான் கூடிற்று. ஆனால் கூடின உதடு அப்படியே நின்றது, பிடித்த கை மெல்ல விட்டது, கண் ஓரமாய்ச் சுருங்கிற்று.

"அதெப்படி," என்றார் ரத்தினசிங் பைய. "அதெப்படிட்டி இவ்வளவு வெரசா நம்புத?"

எமிமாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. மஸ்கட்டில் அவர் தங்கியிருக்கிற அறையின் வாசலைத் தான் ஒருநாளும் காட்டச் சொன்னதில்லை என்று சொல்லலாமா என்று நினைத்தாள், சொன்னால் அதற்கும் ஏன் கேட்கவில்லை என்று ஒரு சந்தேகம் வரும் என்று விட்டுவிட்டாள்.

"தவமணி சார்," என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள், "மூணாவது ஆம்ப்தான். பண்டிகைக்கு அதத்தான் போடுதேன்."

"அந்தத் தச்ச செருப்புக்காரனா?"

"ஆமா சார், அவுகதான்." பிறகு புருஷனிடம் திரும்பினாள். "அம்மா வீட்டுக்குப் போகணும்னா சொல்லுங்க அத்தான். பாட்ட முடிச்சிட்டுப் போறேன். இப்ப கொஞ்சம் வெளிய இருங்க."

ரத்தினசிங் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். மஞ்சள் வார் மறைந்து தோல் செருப்பு வந்தது, அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், தெருவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. எமிமாள் கதவைச் சாத்தவில்லை. ஸ்பீக்கரையும் குறைக்கவில்லை. முதல் சுரத்தில் இருந்து தொடங்கி, நிறுத்தாமல், நடுங்காமல், முழுப்பாட்டையும் வாசித்தாள். அவ்வளவு நல்ல பாட்டு அந்த ஊரில் அதற்கு முன்பு வந்ததில்லை, அதைக் கேட்டது அவள் ஒருத்திதான்.